பாயிண்ட் டூ டூவும் ‘உட்டுபோடு’ம்

1

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கி வைத்துக்கொள்ள என்னால் முடியாது. நான் ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறேன்! கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் லேத் ஓட்டி, மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்த அதே ஆள்தான்.

பயப்படாதீர்கள். எனக்கு யாரோடும் பகை இல்லை. அமெரிக்காவைப் பற்றிய செய்திகளில் காட்டுகிற மாதிரிப் பெரிய துப்பாக்கியும் இல்லை. ‘பாயிண்ட் டூ டூ’ என்பார்கள். தோட்டா என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. காதடைப்பான் போட்டுக்கொண்டு கேட்டால் குருவி வெடி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். முயல், அணில் போன்ற சின்ன உருப்படிகளை வேட்டையாடுவதற்கு இங்கே மிசௌரியில் இதை வைத்திருக்கிறார்கள். சட்டப்படி, சீசன் பார்த்து, இத்தனைதான் என்று கணக்கு வைத்துச் சுடுகிறார்கள். நம் ஊரில் முயல் மேல் கை வைத்தால் வனத்துறை ஜீப் வந்துவிடும். இங்கே வனத்துறையே வகுப்பு எடுத்துக் கற்றுக்கொடுக்கிறது.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்றால், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்த அன்றைக்கு. என் மனைவி கவிதா வருஷா வருஷம் அன்று பாயசம் வைப்பாள். வந்தபோது மூன்று வயசாக இருந்த யாழினிக்கு இப்போது பதினைந்து. வீட்டில் நாங்கள் ‘அம்மணி’ என்போம், பள்ளிக்கூடத்தில் அவள் ‘யாஸ்’. கடந்த ஒரு வருஷமாக அவள் எங்களோடு பேசுவதெல்லாம் ‘ஓகே’, ‘ஃபைன்’, ‘வாட்டெவர்’. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டே வரும். அப்படிப்பட்டவள் அன்று பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

“அப்பா, நான் அணில் ஹன்ட்டிங் போகட்டுமா? கெல்சியோட அம்மா கூட்டிட்டுப் போறாங்களாம். பிஸ்டல்ல.”

கெல்சி அவள் தோழி, அடுத்த வீதி. கெல்சியின் அம்மா டோனா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், தங்கமான மனுஷி. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பதினாறு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளை வேட்டைக்குப் போனால், பயிற்சி முடித்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம். அந்தப் பெரியவர் டோனாவா? ஒரு வருஷம் கழித்து என் மகள் வாய் திறந்து ஆசையாக ஒன்று கேட்கிறாள். அதற்கும் நான் காட்டு ஓரத்தில் இறக்கிவிட்டு வருகிற டிரைவர்தானா?

“டோனா எதுக்கு? நான் கூட்டிட்டுப் போறேன்,” என்று சொல்லிவிட்டேன். துப்பாக்கியின் எந்த முனையில் குண்டு வரும் என்பதைத் தாண்டி அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

2

“ஏனுங்க, அணிலுங்களா?” என்றாள் கவிதா. “மொசலுன்னாக்கூட ஊர்ல நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாமுங்க. அணிலப் போயி ஆராச்சும் சுடுவாங்களா? ராமர் தடவிக் குடுத்ததுங்க அது.”

“இங்கத்த அணிலுக்கு முதுகுல கோடே இல்ல கவிதா. பூனைக்குட்டி அளவுக்கு இருக்குது. ராமரு இந்தப் பக்கம் வரவே இல்ல.”

“வக்கணையாப் பேசுங்க. என்ற சமையக்கட்டுக்குள்ள மட்டும் அது வரப்படாது. ஆமா, செல்வியண்ணிகிட்ட என்ன சொல்லுவீங்க?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். செல்வி என் அக்கா. கணபதியில் வீடு. மாடியில் ஒரு தட்டில் பொரியும் தேங்காய்ச் சில்லும் வைத்து அணில்களை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் எங்களை நலம் விசாரித்த பிறகு போனைத் திருப்பி அணில்களைக் காட்டாமல் வைக்க மாட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் குடும்பத்தில் துப்பாக்கியில் குறி பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவிநாசித் தேருக்குப் போனால் பலூன் சுடுகிற கடை இருக்கும் அல்லவா? நான் சுட்டால் பலூன் ஒன்றுகூட அசையாது, பின்னால் தொங்குகிற சாக்குத்தான் ஆடும். அக்கா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள் என்றால் வரிசையாக டப்பு டப்பென்று உடையும். கடைக்காரர், “போதுமுங்க அம்மணி, நானும் பொழைக்கோணும்,” என்று துப்பாக்கியை வாங்கி வைத்துவிடுவார்.

நிஜத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்குச் சம்பந்தமில்லாத பொருள். அப்பா வேலை செய்த தோட்டத்தின் முதலாளியிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் வந்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முதலாளி முன்னால் நடக்க, அப்பா அதைத் துணியில் சுற்றித் தோளில் சுமந்துகொண்டு பின்னால் போவார். சுமந்தாரே தவிர, ஒரு நாளும் அதைக் கையில் பிடித்துக் குறி பார்த்ததில்லை. கேட்டால் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். இங்கே கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது அப்பாவின் தோள்தான் நினைவுக்கு வந்தது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

3

கடைக்குப் போவதற்கு முன்னால் நடந்த ஒரு கூத்து. நான் இன்னும் இங்கே விசாவில் இருக்கிறவன். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன், நிற்கிறேன், நின்றுகொண்டே இருக்கிறேன். விசாவில் இருக்கிறவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று மத்தியச் சட்டம். ஆனால் அதிலேயே ஒரு சந்து வைத்திருக்கிறார்கள்: கையில் வேட்டை லைசென்ஸ் இருந்தால் தொடலாம். அதாவது நான் இந்த நாட்டில் நிரந்தரமாக வாழலாமா என்று முடிவு செய்யப் பன்னிரண்டு வருஷம் போதாது. அணில் சுடலாமா என்று முடிவு செய்ய ஒரு மத்தியானம் போதும்! லைசென்ஸை வாங்கியதும் போட்டோ எடுத்து, இங்கே நான் வேலை செய்கிற பம்பு கம்பெனி நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இந்த நாட்டு அரசாங்கம் ஒரு விஷயத்தில் என்னை உடனே நம்பியது இதுவே முதல் தடவை.

யாழினிக்கும் காகிதம் வேண்டும். பதினெட்டு வயசு ஆகாதவர் கைத்துப்பாக்கி பிடிக்கப் பெற்றோர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த லீவ் லெட்டர் நடையில், ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’, ‘தங்கள் உண்மையுள்ள’ எல்லாம் போட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். யாழினி வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! எழுதியது தப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடையில் இரண்டு வகை எடுத்து வைத்தார்கள். ஒன்று, கைப்பிடிக்குள் தோட்டா அடுக்குகிற பிஸ்டல். இன்னொன்று, உருளை சுற்றுகிற ரிவால்வர். லேத்காரனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? துப்பாக்கியின் பின்பக்கத்தில் இருக்கிற சின்னச் சுத்தியலைப் பின்னால் இழுத்தால் உருளை ஒரு பல் சுற்றி, அடுத்த துளை குழலுக்கு நேராக மயிரிழை பிசகாமல் வந்து ‘டிக்’ என்று நிற்கிறது. அந்த ‘டிக்’கைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. என்ன ஒரு பிட்டிங்! கடைந்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அந்த வேகத்தில் ஒரு தப்புச் செய்தேன். பட்டறையில் எந்த மெஷின் வந்தாலும் வெறுமனே ஒரு ஓட்டு ஓட்டிப் பார்ப்போம். அதே பழக்கத்தில், துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் பிடித்து விசையை இழுத்துவிட்டேன், காலியாகத்தான். கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது. மெதுவாக அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு விளக்கினார். பெரிய தோட்டாவில் பின்பக்கத்து நடுவில் அடி விழும். பாயிண்ட் டூ டூவில் மருந்து விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது, அடியும் விளிம்பில்தான் விழும். உள்ளே தோட்டா இல்லாவிட்டால் அந்த அடியைக் கொடுக்கிற ஊசி நேராகப் போய் இரும்பில் இடித்து மழுங்கிவிடும். அதனால் இந்த ரகத்தைக் காலியாக இழுக்கக் கூடாது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தண்ணீர் இல்லாமல் மோட்டாரைப் போட்டால் சீல் போய்விடும் என்று கோயமுத்தூர் ஜில்லா முழுக்க விவசாயிகளுக்குப் புத்தி சொல்லித் திரிந்தவன் நான். அந்தத் துப்பாக்கியையே வாங்கிக்கொண்டேன். டிரை ரன் விட்ட மெஷினை வேறொருவர் தலையில் கட்டுவது நம் ஊர் வழக்கமில்லை.

4

பயிற்சி வகுப்பில் யாழினியும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவளுடைய பள்ளிக்கூடத்தில் கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. சுடுகிற மைதானத்தில் எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றதும் ‘ரேஞ்ச் இஸ் ஹாட்’ என்று கத்தினார்கள். மற்றவர்களுக்கு அது, இனிச் சுடலாம் என்கிற கட்டளை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே குஷி. தமிழில் வெயிலுக்கும் சூடுதான், துப்பாக்கிக்கும் சூடுதானே! யாழினியின் காதில் சொன்னேன். “அப்பா, ஃபோகஸ்,” என்றாள். ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது.

அவளுக்கு அத்தையின் கை. முதல் உருளைக் குண்டுகள் எல்லாமே காகிதத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குள் விழுந்தன. என்னுடையவை காகிதத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த அடுத்த வாரம்தான் வினை வந்தது. யாழினி கையை நீட்டிக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதடைப்பான் ஒரு பக்கம் நழுவிக் கழுத்துக்கு வந்துவிட்டதை நான் பார்த்தேன். சுட்டால் காது போய்விடும். பதற்றத்தில் ஆங்கிலம் எங்கே வரும்?

“உட்டுபோடு அம்மணி!” என்று கத்தினேன்.

அவள் சுட்டுவிட்டாள்.

குண்டு நேராக இலக்கு மேட்டில்தான் போய்ச் செருகியது, யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அவள் காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். மைதானத்துப் பொறுப்பாளர் ஓடி வந்தார். ‘நிறுத்து என்று சொன்னேன், அவள் சுட்டுவிட்டாள்’ என்றேன் நான். ‘சுடு என்று சொன்னார், சுட்டேன்’ என்றாள் அவள். அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

காரில் வரும்போது யாழினி ஆங்கிலத்தில் வெடித்தாள். இடையிடையே தமிழ்.

“நீங்கதான் சின்ன வயசுல ராக்கெட் விடுன்னு சொல்லுவீங்க. பட்டம் விடுன்னு சொல்லுவீங்க. ஒரு அறை விடுவேன்னு சொல்லுவீங்க. எல்லாம் ‘கோ’ தானே? இப்ப மட்டும் எப்படி அது ‘ஸ்டாப்’ ஆகும்?”

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ‘விடு’ என்றால் ஏவு என்றும் அர்த்தம், சும்மா இரு என்றும் அர்த்தம். நாம் அதை ‘உடு’ ஆக்கி, பின்னால் ஒரு ‘போடு’ ஒட்டி, ‘உட்டுபோடு’ என்கிறோம். ‘அந்தப் பேச்ச உட்டுபோடு’ என்றால் கைவிடு. ‘வாணத்த உட்டுபோடு’ என்றால் கொளுத்து. நாற்பத்தைந்து வருஷமாக வாயில் வைத்திருக்கிற வார்த்தை இப்படி இரண்டு பக்கமும் வெட்டும் என்று எனக்கே தெரியவில்லை. பாதித் தமிழோடு வளர்ந்த பிள்ளையைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

“காட்டுக்குள்ள தமிழ் வேண்டாம்ப்பா,” என்றாள் கடைசியில். “ஸ்டாப்னா ஸ்டாப். இல்லாட்டி நான் கெல்சி கூடவே போறேன்.”

“சரி,” என்றேன். துப்பாக்கி விஷயத்தில் ரோஷம் பார்க்க முடியுமா? ஆனால் மனசு கனத்துவிட்டது. அவளோடு பேசுவதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன். இப்போது பேசலாம், என் பாஷையில் மட்டும் கூடாது.

5

சீசன் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, விடிகிற நேரம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது பஸ் ஜன்னலில் ஒரு பச்சை வாசம் அடிக்குமே, அதே வாசம் இந்தக் காட்டிலும் அடிக்கிறது! ஆரஞ்சுத் தொப்பி, கழுத்தில் காதடைப்பான், ஒரு பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். துப்பாக்கி அவள் கையில். முழங்கால் மேல் மணிக்கட்டை ஊன்றி வைத்திருந்தாள். கைத்துப்பாக்கியில் கிட்டத்தில் வந்தால்தான் சுட வேண்டும், தலையில் பட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு வேதனை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் அணில்கள் ஓடிவிடுமோ என்று இருந்தது.

முதல் அணில் எதிர் மரத்தின் கிளை நுனியில் வந்து உட்கார்ந்தது. நல்ல கிட்டம். காதடைப்பானை ஏற்றிக்கொண்டோம். சின்னச் சத்தம் கேட்கும், பெரிய சத்தத்தை மட்டும் அடைக்கும் ரகம் அது. யாழினி சுத்தியலை இழுத்தாள். ‘டிக்’. அப்போதுதான் பார்த்தேன், அணிலுக்குப் பின்னால் மரமும் இல்லை, மேடும் இல்லை, வெறும் ஆகாயம். தவறினால் குண்டு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. அப்படிச் சுடவே கூடாது என்பது முதல் பாடம். ‘ஸ்டாப்’ என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் அவள் கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்து மெதுவாக இறக்கினாள். குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தினாள். அணிலைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கிசுகிசுத்தாள்.

“பின்னாடி வானமுங்கப்பா. உட்டுபோடறேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? ஒரு வருஷமாக வீட்டில் வராத எங்கள் ஊர் மரியாதை ‘ங்க’, ஓக் மரத்தடியில் வந்துவிட்டது! தமிழ் வேண்டாம் என்று சட்டம் போட்டவளே அதைத் தளர்த்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது அணில் தரையிலேயே வந்தது. பின்னால் நல்ல மண்மேடு. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“உடட்டுங்களா?”

“உடு கண்ணு.”

டப். அணில் இருந்த இடத்திலேயே சாய்ந்தது, துடிக்கவே இல்லை. யாழினி துப்பாக்கியைத் திறந்து காலி செய்து என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய், அதன் பக்கத்தில் சற்று நேரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பிறகு இரண்டு கையாலும் அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

6

சமையலறைக்குள் வரக் கூடாது என்ற கவிதா, உரித்துக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகத் தேங்காய் என்று அசல் பள்ளிபாளையம் வறுவல். ஈரோட்டுக்காரிக்குக் கையில் என்ன கறி கொடுத்தாலும் அந்த வழிக்குத்தானே போகும்! வாசம் வீடு முழுக்க ஏறியபோது, “ஏனுங்க, உப்புப் பாக்கறதுக்கு ஒரு துண்டு எடுத்துக்கறேன்,” என்றாள். மூன்று தடவை உப்புப் பார்த்தாள்.

சரியாக அந்த நேரத்தில் அக்காவின் வீடியோ வந்தது. அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். போனை எடுத்தது யாழினி. வறுவல் தட்டு அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதை இழுத்து மறைப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டாள்.

“ஏம்மணி, உங்கப்பன் உன்னயக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறான்னு உங்கம்மா சொன்னா. அந்த ஊர்ல அணிலெல்லாம் சுடுவாங்களாமா? எனக்கு நெனச்சாலே பகீருங்குது. நெசத்தச் சொல்லு. அணிலு கண்ணுல பட்டுதா?”

“பட்டுச்சுங்க அத்தை.”

“அதச் சுட்டுபோட்டயா, உட்டுபோட்டயா?”

கவிதாவின் கை கரண்டியோடு நின்றுவிட்டது. நான் யாழினியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஒரு குறும்பு மின்னியது.

“உட்டுபோட்டனுங்க அத்தை,” என்றாள், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி.

“அட என்ற தங்கமே! எனக்குத் தெரியும், நீ எம்பட ரத்தமல்ல? நல்லா இருப்ப சாமி!” என்று அக்கா அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அணில்களெல்லாம் தூங்கியிருக்கும், மாடிக்குப் போய்க் காட்ட முடியவில்லையே என்றும் வருத்தப்பட்டாள்.

யாழினி போனை வைத்தாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முதல் அணிலை உட்டாள். இரண்டாவது அணிலுக்கு ஒன்று உட்டாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கவிதா சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள், யாழினி ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஒரு தேங்காய்ப் பல்லை எடுத்து வாயில் போட்டாள்.

பன்னிரண்டு வருஷமாக என் மகளுக்குத் தமிழ் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். இனி அந்தப் பயம் இல்லை. அவளுக்குக் கோயமுத்தூர்த் தமிழில் பொய் சொல்லாமலே ஏமாற்றத் தெரிந்துவிட்டது.